அஞ்சாவது துண்டு

— அந்தப் பொட்டலம் வண்டியிலேயே இருக்கட்டும், போர்கில். மேல போயிட்டு வந்து சாப்பிடலாம்.

— இது நாம திங்கறதுக்கு இல்ல, ஹால்வர்.

— பின்னே யாருக்கு?

— அதை உன்கிட்ட கேக்கத்தான் நார்வேலேருந்து மூணு நாளா உன் ஓட்டை வண்டியில இடுப்பொடிய உக்காந்து வந்திருக்கேன்.

— வண்டியை ஒண்ணும் சொல்லாதே. இந்த மலைப்பாதையில ஒரு இடத்துலகூட திணறல. சரி, கோட்டைப் போட்டுக்க. ஜூன் மாசம்னு பேருதான், இந்த அல்சாஸ் மலையில காத்து எப்பவும் இப்படித்தான் வெட்டும்.

— பேச்சை மாத்தாதே. இதுல எத்தனை ரொட்டித் துண்டு வச்சுக் கட்டினேன், சொல்லு பாப்போம்.

— எனக்கெப்படித் தெரியும்?

— அஞ்சு. ரெண்டு பழுப்புச் சீஸ், ரெண்டு ஈரல் தடவினது. அந்த நாலும் வண்டியை ஏத்தி வந்த கப்பல்லயே காலி. ஆயுசு முழுக்க தோர்லைவ் மதியத்துக்கு நாலு துண்டுதான் சாப்பிடுவார். கப்பல் பட்டறையில வேலை பாத்த காலத்துலயும் நாலு, ரிட்டயர் ஆன பிறகும் நாலு. ஆனா ஜூன் மாசம் உன் வண்டி எங்க வாசல்ல வந்து நிக்குது பாரு, அன்னைக்கு மட்டும் அஞ்சு. முப்பத்தேழு வருஷம். இந்தத் தடவை அவர் இல்ல. இருந்தாலும் என் கை அஞ்சுதான் வெட்டிச்சு.

— பசிச்சிருக்கும். தூரப் பயணம்.

— அஞ்சாவது துண்டுல வெண்ணெய் தடவி மேல சர்க்கரை தூவச் சொல்வார். சர்க்கரை! காப்பிக்கே சர்க்கரை போடாத மனுஷன். குழந்தைப் பண்டமா இருக்கேன்னு கேட்டா, "தூவு போர்கில்"னு மட்டும் சொல்லுவார். மூணு நாள்ல காஞ்சு கட்டையாயிடுமேன்னு சொன்னா, "பரவாயில்ல, சர்க்கரை கெடாது"ம்பார். நானும் மெழுகுத்தாள் வச்சு, தனியா மடிச்சு, அழகாக் கட்டிக் குடுப்பேன். எவளுக்கோ.

— எவளுக்கோவா?

— என்னைப் பாத்துச் சொல்லு. செருப்பைப் பாக்காதே.

— போர்கில், உனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. தோர்லைவ் போய் நாலு மாசம்கூட ஆகல. போர்க்காலத்துல ஜெர்மன்காரன் எங்களைக் கைதியா அடைச்சு வச்ச இந்த இடத்துல வந்து நின்னுக்கிட்டு...

— இந்த இடத்துல நின்னுதான் கேக்கணும். இங்கதானே அவர் வருஷா வருஷம் வந்தார். நானும் வரேன்னு தலைகீழா நின்னு பாத்தேன். "அது உனக்கான இடம் இல்ல." அதோட முடிஞ்சுது. எனக்கான இடம் இல்லேன்னா எவளுக்கான இடம்? இந்தா, இதைப் பாரு.

— என்ன இது?

— கிறிஸ்துமஸ் வாழ்த்து. பதினெட்டு இருக்கு. அவர் சட்டை அலமாரியில, பழைய காலர் போட்டு வைக்கற பெட்டிக்குள்ள இருந்துச்சு. பிரெஞ்சுல என்ன எழவோ கிறுக்கியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கீழ இருக்கற பேரைப் படிக்கத் தெரியும். ஓடில்.

— ஓ... ஓடில்.

— பாரு, பேரைச் சொன்னதும் முகத்துல சிரிப்பு வருது!

— போர்கில், கடைசி வளைவுல வேலி ஓரமா ஒரு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கிழவி நின்னு நமக்குக் கையாட்டினா, ஞாபகம் இருக்கா? அதுதான் ஓடில்.

— அந்தக் கூனலா?

— எண்பத்தி ரெண்டு வயசு. பாவம், காதும் கேக்காது.

— முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடியும் அவளுக்கு எண்பத்தி ரெண்டா?

— அது வந்து...

— கணக்கு எனக்கும் தெரியும். அப்போ அவளுக்கு நாப்பத்தஞ்சு. எனக்கு முப்பத்தி நாலு. அவளைவிடச் சின்னவ நான், வீட்டுல மீன் சுத்தம் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன்.

— நட. முதல்ல உள்ள போவோம். நுழைவுச் சீட்டு வாங்கணும். ... போங்ஷூர். ... ஆமா. ... இல்ல இல்ல, ரெண்டு. ... மெர்சி. வா, இந்தப் பக்கம். படி செங்குத்தா இருக்கும், கம்பியைப் பிடிச்சுக்க.

— நில்லு.

— என்ன?

— அந்தச் சீட்டுக்காரன் உன்னைப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே ஒரு விரலைக் காட்டினானே. என்ன கேட்டான்?

— ஒண்ணுமில்ல. எப்பவும் வர்ற முகம், அதான்.

— எனக்கு பிரெஞ்சு தெரியாது. விரல் தெரியும். ஒரு சீட்டுதானேன்னு கேட்டான். நீ ரெண்டுன்னதும் அவனுக்கு ஆச்சரியம். வருஷா வருஷம் ரெண்டு பேரு வந்தீங்க, அவன் ஏன் ஒண்ணுன்னு கேக்கறான்?

— மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காரலாமா?

— உக்காரு. உக்காந்துட்டுச் சொல்லு.

— தோர்லைவ் உள்ள வந்ததே இல்ல, போர்கில்.

— என்னது?

— ஒரு வருஷம்கூட இல்ல. அந்த மரக்கதவைத் தாண்டினதே இல்ல. நான் மட்டும் வருவேன். அவன் கீழ ஓடில் வீட்டுக் கொல்லையில நிப்பான்.

— கொல்லையில நின்னு?

— விறகு பிளப்பான்.

— விறகா?

— அவ தனியாள். புருஷன் போர்லயே போயிட்டான். குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு மொத்தத்தையும் இவன் அந்த மூணு மணி நேரத்துல பிளந்து அடுக்கி வச்சிடுவான். அதுக்குத்தான் அந்த வாழ்த்து அட்டை. நன்றி, விறகு நல்லா எரியுது, ஆடு குட்டி போட்டிருக்கு. இவ்வளவுதான் எழுதியிருக்கு.

— வீட்டுல ஒரு சுள்ளியை ஒடிச்சுப் போட்டதில்ல! குளிர்ல நான்தான் கோடாலியைத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்குப் போவேன். "தோளு வலிக்குது போர்கில்." இவளுக்கு விறகு பிளக்கத் தோளு வலிக்கலையா? தள்ளு, நான் கீழ போறேன்.

— எங்க போறே?

— அவகிட்ட. இந்தத் துண்டை அவ கையில குடுத்து, "இந்தாடி, உன் சர்க்கரை"ன்னு சொல்லிட்டு வரேன். காது கேக்காட்டி என்ன, மூஞ்சியைப் பாத்தா புரிஞ்சுக்குவா.

— அந்தத் துண்டு அவளுக்கில்ல! உக்காரு. போர்கில், உக்காருன்னு சொல்றேன்ல? அது என் கையில குடுத்தனுப்பற துண்டு. இந்தக் கதவுக்கிட்ட வரைக்கும் கொண்டாந்து, மெழுகுத்தாளோட என் கையில வச்சுட்டுத் திரும்பி நடப்பான்.

— உனக்கா?

— சிவர்ட்டுக்கு. ஏன் அப்படிப் பாக்கறே?

— அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லு.

— சிவர்ட். எங்களோட இங்க இருந்தவன். வடக்கே சென்யா தீவுக்காரன், படகுத் தச்சன். ஏன், தோர்லைவ் சொல்லியிருக்கானா?

— சொல்லியிருக்காரா? ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாளும் அதை மட்டும்தான் சொன்னார். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, "சிவர்ட்டுக்கு. சிவர்ட்டுக்கு." இந்தப் பக்கம் திரும்புங்க, நான் போர்கில்னு கெஞ்சினேன், ஹால்வர். திரும்பல. நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவ, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். என் பேரு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரல. நர்ஸ் என்கிட்ட வந்து, "சிவர்ட்ங்கறது உங்க மகனா?"ன்னு கேட்டா. ஆமான்னு பொய் சொன்னேன். என்ன சொல்லச் சொல்றே? எவன்னே தெரியாதுன்னா?

— போர்கில்...

— ஓடில் கிடக்கட்டும். அவ கிழவி. நான் வயிறெரிஞ்சது இந்தப் பேருக்குத்தான். அது ஆம்பளைப் பேருன்னு தெரியும், இருந்தாலும் எரிஞ்சுது. புதைக்கற அன்னைக்குக்கூட எரிஞ்சுது. பாதிரியார் ஜெபம் சொல்றார், நான் யாருடா இந்த சிவர்ட்னு நினைச்சுக்கிட்டு நிக்கறேன். அவர்கிட்ட எனக்குக் குடுக்காம ஏதோ ஒண்ணு இருந்துச்சு. அதை எங்க வச்சிருந்தார்னு பாக்கத்தான் வந்தேன்.

— அவன் உன்னை மறந்து பேசல. பதில் சொல்லியிருக்கான்.

— எதுக்குப் பதில்? நான் ஒண்ணும் கேக்கலியே.

— ரொட்டிக்கு. வீட்டுல பிள்ளைங்களுக்குப் பங்கு வைக்கறப்போ சுவத்தைப் பாத்துத் திரும்பி நிப்பானே, ஞாபகம் இல்லையா?

— அந்த விளையாட்டா? நான் கேக்கை வெட்டுவேன். பெரியவ ஒரு துண்டுமேல விரலை வச்சு "யாருக்கு?"ம்பா. இவர் திரும்பிப் பாக்காமலே "இங்கெபோர்க்குக்கு," "நீல்ஸுக்கு"ன்னு சொல்லுவார். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்.

— அது விளையாட்டு இல்ல. இங்கதான் கத்துக்கிட்டது. மூணு பேருக்குச் சேர்த்து ஒரு துண்டம் ரொட்டி வரும். சிவர்ட் வெட்டுவான், தச்சன் கை, கண்ணளவு தப்பாது. அப்படியும் ஒண்ணு ஒரு நூல் பெருசா இருக்கற மாதிரி தெரியும். எந்நேரமும் பசி, போர்கில். அந்த ஒரு நூலுக்குக் கொலையே பண்ணலாம்னு தோணும். அதனால தோர்லைவ் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவான். நான் ஒரு துண்டுமேல விரலை வச்சு "யாருக்கு?"ன்னு கேப்பேன். அவன் மூணு பேர்ல ஒருத்தன் பேரைச் சொல்லுவான். எந்தத் துண்டுன்னு அவனுக்குத் தெரியாது. யாரும் குறை சொல்ல முடியாது.

— இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன, வேத்தாளா? உங்களுக்குக் கடிதம்கூட அனுப்பக் கூடாதுன்னு வச்சிருந்தானுங்க. ரெண்டு வருஷம் நீங்க இருக்கீங்களா செத்தீங்களான்னு தெரியாம, கதவு தட்டற சத்தம் கேட்டாலே கைவேலையை அப்படியே போட்டுட்டு ஓடுவேன். அந்த ரெண்டு வருஷம் எனக்கும் இல்லையா? அதை மொத்தமா நீயும் அவரும் பூட்டி வச்சுக்கிட்டீங்க.

— சொல்ற மாதிரி இல்ல.

— உன்கிட்ட மட்டும் சொல்ற மாதிரி இருந்துச்சு! உன்மேலயும் எனக்கு எரிச்சல்தான், மறைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா உனக்கு எங்க மேசையில ஒரு நாற்காலி. கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன், சரி. ஒண்டிக்கட்டை, அதுவும் சரி. ஆனா பிள்ளைங்களுக்கு ரொட்டி குடுக்கணும்னா, பெத்தவ நான் பக்கத்துல கரண்டியோட நிக்கறேன், என்கிட்ட குடுக்க மாட்டார். மேசையைச் சுத்தி உன்கிட்ட வந்து உன் கையில வைப்பார். "ஹால்வர், இது நீல்ஸுக்கு. குடுத்துடு." குடுக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பார். அது என்ன மரியாதை? என் கை என்ன ஆச்சு?

— அது... அப்படியா பாப்பான்?

— நான் பாத்தேன். பொறாமைக்காரிக்குக் கண்ணு நாலு. சரி, சிவர்ட் கதையை முடி. அவன் என்ன ஆனான்?

— செத்துட்டான். நாப்பத்தி நாலு ஜனவரி. அதோ, மூணாவது படிக்கட்டுக்குப் பக்கத்துல வெறும் தரையா இருக்கே, அங்கதான் எங்க கொட்டடி. அவனுக்குக் காய்ச்சல், அந்தக் கோடியில கிடந்தான். தோர்லைவுக்கு அந்த வாரம்தான் கல் உடைக்கற இடத்துல கல் விழுந்து கால் நசுங்கிப்போச்சு. எழுந்து நடக்க முடியாம இந்தக் கோடியில உக்காந்திருந்தான்.

— அந்த இடது கால். எனக்குத் தெரியும், மழை வந்தா நொண்டுவார்.

— சாயங்காலம் சிவர்ட் போயிட்டான். நாங்க வெளியே சொல்லல. காலையில தலை எண்ணும்போது தெரிஞ்சா போதும்னு விட்டுட்டோம். அதனால மூணு பேரு ரொட்டி வந்துச்சு. நான் வெட்டினேன். தோர்லைவ் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். கடைசித் துண்டுமேல விரல் வச்சு "யாருக்கு?"ன்னேன். "சிவர்ட்டுக்கு"ன்னான். வாய்ப்பழக்கம். அந்தத் துண்டை ஆளுக்குப் பாதியா... சாப்பிட்டுட்டோம்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— இதுக்கா? இதுக்கா முப்பத்தேழு வருஷம் கதவுக்கு வெளியே நின்னார்? அட லூசு மனுஷா! செத்தவன் பங்கைத் தின்னீங்க. பின்னே என்ன, எலிக்குப் போடுவீங்களா? நானா இருந்தா நானும் தின்னிருப்பேன், விரலையும் நக்கியிருப்பேன். இதை எனக்குச் சொல்லியிருந்தா ஒரு முத்தம் குடுத்து, போய்த் தூங்குங்கன்னு சொல்லியிருப்பேன்.

— ஏன் அழறே?

— அழல. காத்து. ஹால்வர், உண்மையைச் சொல்லணும்னா மனசு லேசாயிடுச்சு. பெண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. பசியில தின்ன ரொட்டி. அதுக்கு ஒரு பேரு. பாவம், இனிமே அந்த சிவர்ட்மேல எனக்குக் கோபம் இல்ல. நாப்பத்தாறு வருஷத்துல அவன் என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டது ஒரு துண்டு சர்க்கரை ரொட்டி.

— சர்க்கரை ரொட்டின்னா அவனுக்கு உயிர். படுத்தா அதைப் பத்தித்தான் பேசுவான். அவங்கம்மா தூவற சத்தம் கேக்குதும்பான்.

— அப்ப எழுந்திரு. இதை எங்க வைப்பே? அந்தக் கொட்டடி இருந்த இடத்துலயா? இந்தத் தடவை நாம ரெண்டு பேருமாப் போய் வைப்போம். அவர் சார்பா நான். ஏன் உக்காந்திருக்கே?

— நான் எங்கயும் வச்சதில்ல.

— என்ன?

— அதோ தெரியுதே பழைய சமையல்கட்டு, அதுக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்கு. அங்க போவேன். பிரிப்பேன். நானே தின்னுட்டு, தாளை மடிச்சுப் பையில வச்சுக்குவேன்.

— அடப்பாவி! முப்பத்தேழும்?

— முப்பத்தேழும்.

— நான் தூவின சர்க்கரை! அந்தப் பொம்பளையைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே, கை கசக்கத் தூவின சர்க்கரை! தின்னது நீயா? கடவுளே, எனக்குச் சிரிப்பு வருது. இந்த இடத்துல சிரிக்கக் கூடாது, இல்ல? அதோ, சுத்திப் பாக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாக்குது. ஏன்டா தின்னே? பட்டினி காலம் எப்பவோ போயிடுச்சே.

— வைக்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். குனிவேன். கை விடாது. வாய்க்குப் போயிடும்.

— கீழ வந்து அவர்கிட்ட என்ன சொல்லுவே?

— குடுத்துட்டேன்னு.

— நம்பிடுவாரா? அவர்கிட்ட பொய் சொல்லி என்னாலயே தப்பிக்க முடிஞ்சதில்ல.

— ஒரே ஒரு கேள்வி கேப்பான். வருஷா வருஷம் அதே கேள்வி, அதே வார்த்தை. கோடாலி கையில இருக்கும். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, திரும்பாமலே கேப்பான். நான் ஆமான்னு சொல்லுவேன். ஒரு கட்டையை எடுத்து வச்சு, ஒரே வெட்டு. அப்புறம் வண்டியில ஏறிடுவோம்.

— என்ன கேப்பார்?

— "இந்தத் தடவையாவது அவன் வாய்க்குப் போச்சா, ஹால்வர்?"

— இந்தத் தடவையாவதுன்னா? ... அதுக்கு முன்னாடி எந்தத் தடவை? ஹால்வர். செருப்பைப் பாக்காதே. செத்தவன் வாய்க்கு எப்படிப் போகும்?

— அன்னைக்கு ராத்திரி சிவர்ட் சாகல, போர்கில். கோடியில கண்ணைத் திறந்து பாத்துக்கிட்டுத்தான் கிடந்தான்... அவன் துண்டை தோர்லைவ் என் கையிலதான் வச்சு, "குடுத்துடு"ன்னு அனுப்பினான்.